யார் இட்ட உப்பு?

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் முன்னோர் வாக்கு. நன்றி மறவாமையை வலியுறுத்தும் அந்த மூதுரையை நாம் பெரிதும் மதிக்கின்றோம். ஆயினும், நல்ல மொழியும் தகாத இடத்தில் எடுத்தாளப்பட்டால் தீய பொருளைத் தந்துவிடும். ‘எம்மிடம் நிதி பெறுவோர் எம்மைக் குறை கூறலாகாது’ என்று ஓர் அரசாங்கம் எண்ணுமானால், அவ்வெண்ணத்தின் அடியில் கிடப்பது இந்த மூதுரையின் திரிபே ஆகும். அத்தகைய நேரத்தில் நாம் ஒரு கேள்வியைக் கேட்டேயாக வேண்டும். அந்த உப்பு யாருடைய உப்பு?

கனடா நாட்டை எடுத்துக்கொள்வோம். தமிழர் பலர் குடிபுகுந்து வாழும் நாடு அது. அந்நாட்டின் செல்வத்தையும் சட்ட ஒழுங்கையும் பற்றி உறவினர் வாயிலாகக் கேட்டு வியக்கின்றோம். வியப்பதில் பிழையில்லை. ஆனால், அம்மண்ணின் முதல் மக்களாகிய பூர்வகுடியினரின் பெண்கள், தம் உயிரையும் உரிமையையும் காக்க அமைத்துக்கொண்ட சங்கங்களை அந்நாட்டு அரசு எவ்வாறு நடத்தி வந்துள்ளது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அங்கே குடியேறிய நம்மவர் வரி செலுத்துவது அந்த அரசுக்கே. அவர்கள் வீடு கட்டி வாழ்வதும் அப்பூர்வகுடியினர் இழந்த மண்ணிலேயே. ஆகவே, இது நமக்குத் தொடர்பில்லாத கதையென்று ஒதுக்கிவிட முடியாது.

நாம் வலியுறுத்த விரும்புவது இதுதான்: அநீதிக்கு ஆளானோரின் சங்கத்துக்கு அரசு நிதி தரும்போது, செலவுக்குக் கணக்குக் கேட்க அதற்கு உரிமையுண்டு. அச்சங்கம் எதைப் பேச வேண்டும், யார் பேச வேண்டும் என்று தீர்மானிக்க உரிமையில்லை.

சட்டமே செய்த காயம்

முதலில், இச்சங்கங்கள் தோன்றியது ஏன் என்பதைப் பார்ப்போம்.

கனடாவில் 1869ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1876இல் வந்த ‘இந்தியர் சட்டம்’ அதன் விதிகளை மேலும் உறுதிப்படுத்தியது. இங்கே ‘இந்தியர்’ என்பது நம்மைக் குறிப்பதன்று. கொலம்பஸ் செய்த பிழையால் அமெரிக்கக் கண்டத்தின் மக்கள்மீது ஒட்டிக்கொண்ட பெயர் அது. அச்சட்டப்படி, பூர்வகுடி ஆண் ஒருவர் வெளியினப் பெண்ணை மணந்தால் அவளும் ‘இந்தியர்’ என்னும் தகுதியைப் பெற்றாள். பூர்வகுடிப் பெண் ஒருத்தி வெளியினத்தாரை மணந்தாலோ, தன் தகுதியை அடியோடு இழந்தாள். பிறந்த ஊரில் குடியிருக்கும் உரிமை போயிற்று. அவள் மக்களுக்கும் அந்தத் தகுதி கிட்டவில்லை. கணவர் இறந்தாலும், மணவிலக்கு நேர்ந்தாலும் இழந்தது திரும்பவில்லை. தாய் தந்தையர் துயிலும் மண்ணில் அடக்கம் செய்யப்படும் உரிமைகூட மறுக்கப்பட்டது. ஊர்ச் சபைத் தேர்தலில் பூர்வகுடிப் பெண்கள் வாக்களிக்க 1951ஆம் ஆண்டுவரை அச்சட்டம் இடந்தரவில்லை.

இன்னொரு விதியையும் நம் வாசகர்கள் நினைவில் நிறுத்த வேண்டும். 1927 முதல் 1951 வரை, தம் நில உரிமைக்காக வழக்காடும் பொருட்டுப் பூர்வகுடியினரிடம் பணம் திரட்டுவதே கனடாவில் குற்றமாக இருந்தது. அரசின் எழுத்து மூலமான இசைவு இன்றி எவரும் அவ்வாறு நிதி சேர்க்க இயலாது. நிலத்தை எடுத்துக்கொண்ட அதே கை, அந்நிலத்துக்காக வழக்காடும் பணப்பையையும் கட்டி வைத்திருந்தது!

அத்தகைய அரசு பின்னாளில் அம்மக்களின் சங்கங்களுக்கு நிதி வழங்கும்போது, அதனைத் தருமம் என்று அழைப்பது எங்ஙனம் பொருந்தும்? பிறர் பொருளை வைத்திருப்பவன் கையில் இருப்பது அமானிதம். அதை உரியவரிடம் ஒப்படைக்கும்போது, ‘எனக்கு நன்றியுடையவராக இரும்’ என்று அவன் நிபந்தனை விதிக்கலாமா?

யார் பேசுவது?

ஒன்டாரியோ மாகாணத்தின் மனிட்டுலின் தீவைச் சேர்ந்தவர் ஜெனட் கார்பியர் லவெல் என்னும் பூர்வகுடிப் பெண்மணி. 1970இல் வெளியினத்தவர் ஒருவரை மணந்து, அதனால் தம் தகுதியை இழந்தவர். இஃது ஆண் பெண் சமத்துவத்துக்கு முரணானது என்று அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1973இல் 5 நீதிபதிகள் ஒரு பக்கமும் 4 நீதிபதிகள் மறுபக்கமுமாகப் பிரிந்து, அவர் தோற்றார்.

அரசு அவரை எதிர்த்தது வியப்பன்று. அந்நாளில் பூர்வகுடியினரின் தேசிய அமைப்பாக விளங்கிய ‘தேசிய இந்தியர் சகோதரத்துவம்’ என்னும் சங்கமும் அவ்வழக்கில் அவருக்கு எதிராகவே நின்றது என்பதுதான் வேதனை. இந்தியர் சட்டத்தில் ஓர் ஓட்டை விழுந்தால் அரசு முழுச் சட்டத்தையும், அதனோடு தம் மக்களின் தனித் தகுதியையும் துடைத்தெறிந்துவிடும் என்று அவ்வமைப்பின் தலைவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால், ஒரு சமூகத்தின் அச்சத்துக்கு விலையாக அச்சமூகத்தின் பெண்களையே கொடுப்பது எந்த நீதியில் சேரும்? ஊர்க் கூட்டங்களில் பெண்களுக்கும் சேர்த்து ஆண்களே பேசி முடித்துவிடும் வழக்கத்தை நாமும் அறிவோம். ஆதலால் இந்த இடத்தை நம்மில் எவரும் எளிதில் கடந்துவிடக் கூடாது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1974இல், ‘கனடா பூர்வகுடிப் பெண்கள் சங்கம்’ உருவாயிற்று. தமக்காகத் தாமே பேசுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அப்பெண்கள் கண்டுகொண்டார்கள்.

அவர்களின் போராட்டம் வீணாகவில்லை. டொபிக் என்னும் ஊரின் பெண்கள், 1979 ஜூலையில் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, தலைநகர் ஒட்டாவாவை நோக்கி ஏறத்தாழ 100 மைல் நடந்தார்கள். அவ்வூரைச் சேர்ந்த சாண்ட்ரா லவ்லேஸ், ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். 1981இல் அக்குழு கனடாவின் மீது குற்றம் கண்டது. 1985இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போதும் வேற்றுமைகள் எஞ்சியிருந்தன. அவற்றை நீக்க 2017இல் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம், 2019 ஆகஸ்டில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1869இல் இழைக்கப்பட்ட ஓர் அநீதியைத் துடைக்க 150 ஆண்டுகள்! அந்த 150 ஆண்டுகளில் எந்த அரசும் தானாக மனமிரங்கிக் கதவைத் திறக்கவில்லை. பெண்கள் தட்டியதனாலேயே திறந்தது.

நூற்றுக்கு ஐந்து

1992ஆம் ஆண்டில் கனடா தன் அரசியல் சாசனத்தைத் திருத்த முனைந்தது. பூர்வகுடியினர் தம்மைத் தாமே ஆளும் உரிமையும் பேச்சுவார்த்தையில் இடம்பெற்றது. அதில் பங்கேற்பதற்காக 4 தேசிய அமைப்புகளுக்கு அரசு ஏறத்தாழ 1 கோடி டாலர் வழங்கியது. பேச்சு மேசையில் இருக்கையும் அளித்தது. பெண்கள் சங்கத்துக்கு இருக்கை இல்லை. அந்த அமைப்புகள் வழியாக அதற்குக் கிடைத்த நிதி நூற்றுக்கு ஐந்து என்னும் அளவே.

பெண்கள் கேட்டது என்ன? வரவிருக்கும் பூர்வகுடி அரசுகளிலும் நாட்டின் உரிமைச் சாசனம் செல்லுபடியாக வேண்டும். அதுவே பெண்களுக்குக் காப்பு என்றார்கள். மேசையில் அமர்ந்திருந்த பெரிய அமைப்பு அதை எதிர்த்தது. எதிர்த்தவருக்கு இருக்கையும் நிதியும், கேட்டவருக்கு வாசற்படி. இதுதான் அன்றைய ‘கூட்டுறவின்’ இலட்சணம்.

சங்கம் நீதிமன்றம் சென்றது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பக்கம் நியாயம் கண்டது. ஆனால் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பேச்சுரிமை உண்டு என்பதனால், பேசுவதற்கு நிதியும் மேடையும் தரவேண்டிய கடமை அரசுக்கு எழாது என்பது தீர்ப்பின் சாரம். நிதி பெற்ற அமைப்புகள் பெண்களின் கருத்தைக் குறைவாக எடுத்துரைத்தன என்பதற்குச் சான்றில்லை என்றும் நீதிமன்றம் கருதியது.

சட்டத்தின் எழுத்துக்கு அது சரியாகவே இருக்கட்டும். நாம் கேட்பது வேறு. ஒருவர் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு, அவரை எதிர்த்துப் பேச வேண்டியவரை நோக்கி ‘உனக்கும் வாய் இருக்கிறதே, பேசு’ என்று சொல்வது நடுநிலையா? 1973இல் நடந்ததைக் கண்ட பின்னும் பெண்களின் குரலுக்குச் சான்று தேடுவது முறையா?

எண்ணியது குற்றமாயிற்று

இவையெல்லாம் உரிமை வழக்குகள். இனி வருவது உயிர் வழக்கு.

கனடாவில் பூர்வகுடிப் பெண்களும் சிறுமியரும் கொல்லப்படுவதும் காணாமற்போவதும் நெடுங்காலமாக நடந்து வந்தது. எத்தனை பேர் என்று எவருக்கும் தெரியாது. காவல்துறைக் குறிப்பேடுகள் பலவற்றில், இறந்தவர் பூர்வகுடியினரா என்பதே பதியப்படவில்லை. எண்ணப்படாத துயரம் எவரையும் உலுக்குவதில்லை அன்றோ?

2005இல் பெண்கள் சங்கம் அந்த வேலையைக் கையில் எடுத்தது. ‘உணர்வால் சகோதரிகள்’ என்னும் பொருள்பட ‘சிஸ்டர்ஸ் இன் ஸ்பிரிட்’ என்று அத்திட்டத்துக்குப் பெயரிட்டது. 5 ஆண்டுகளுக்கு 50 இலட்சம் டாலர் அரசு நிதி கிடைத்தது. செய்தித்தாள்களையும் காவல்துறை அறிவிப்புகளையும் தேடினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்குச் சென்று அமர்ந்து கேட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருந்த வாழ்க்கையை எழுதி வைத்தார்கள். 2010 மார்ச்சில் அவர்களின் பட்டியலில் 582 பெயர்கள் இருந்தன. அரசுப் பணம் இதைவிட நல்ல வழியில் செலவாகியிருக்க முடியாது என்றே நாம் கருதுகின்றோம்.

இதற்குக் கிடைத்த பரிசு என்ன? 2010 இறுதியில் அரசு இப்பிரச்சினைக்காக 1 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் பெரும்பங்கு காவல்துறைக்கும் நீதித்துறைப் பணிகளுக்கும் சென்றது. பெண்களின் பெயர்ப்பட்டியல் பணிக்கு நிதி நிறுத்தப்பட்டது. புதிய திட்டத்துக்கு நிதி வேண்டுமானால் ‘சிஸ்டர்ஸ் இன் ஸ்பிரிட்’ என்னும் பெயரையே பயன்படுத்தலாகாது என்று சங்கத்துக்கு உணர்த்தப்பட்டது. மாண்டவர்களின் பெயர்களைச் சேர்த்தவர்களிடமிருந்து அவர்கள் சூட்டிய பெயரும் பறிபோயிற்று! அந்நாளில் சங்கத்தின் தலைவியாக இருந்தவர் வேறெவருமல்லர். 1973இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற அதே ஜெனட் கார்பியர் லவெல்தான்.

இது தனித்த நிகழ்ச்சியன்று. 2006இலேயே, மகளிர் நலத் துறையின் நிதி விதிகளை அரசு மாற்றியிருந்தது. உரிமைக்காக வாதாடும் பணிக்கும் ஆய்வுக்கும் அந்நிதி கிட்டாது என்றாயிற்று. அடிபட்டவளுக்குக் கட்டுப்போடலாம், அடித்தவன் யார் என்று கேட்கலாகாது என்பதே அதன் பொருள்.

பெண்கள் எண்ணியது மிகையா? 2014இல் கனடாவின் தேசியக் காவல்துறையே ஓர் அறிக்கை வெளியிட்டது. 1980 முதல் 2012 வரை கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் 1,017 பேர், காணாமற்போனவர்கள் 164 பேர், ஆக 1,181. நாட்டின் பெண்களில் நூற்றுக்கு 4 பேர் அளவே உள்ள அவர்கள், கொலையுண்ட பெண்களில் நூற்றுக்கு 16 பேராக இருந்தனர். சங்கத்தின் கணக்கு பாதி உண்மையைத்தான் எட்டியிருந்தது. அப்பணி தொடர்ந்திருக்குமானால் மறுபாதியும் 4 ஆண்டுகள் முன்னதாகவே வெளிச்சத்துக்கு வந்திருக்கக் கூடும்.

ஒப்பந்தமும் உண்மையும்

பின்னர் ஆட்சி மாறிற்று, சொற்களும் மாறின. 2016இல் தேசிய விசாரணை ஆணையம் பணி தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில், பூர்வகுடியினரின் 3 தேசிய அமைப்புகளோடு அரசு நிரந்தரப் பேச்சுவார்த்தை முறை ஒன்றை அறிவித்தது. 1992ஐப் போலவே பெண்கள் சங்கம் அதிலும் விடப்பட்டது. 2019 பிப்ரவரியில்தான் அச்சங்கத்தோடு அரசு தனியே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

2019 ஜூன் 3ஆம் நாள் ஆணையத்தின் இறுதி அறிக்கை வெளியாயிற்று. நடந்தது இனப்படுகொலை என்றே அது கூறிற்று. நீதிக்கான 231 கோரிக்கைகளை முன்வைத்தது. நாம் பேசிவரும் பொருளும் அவற்றுள் ஒன்று: பூர்வகுடிப் பெண்களின் தேசிய, வட்டார அமைப்புகளுக்கு, திட்டந்தோறும் தரும் நிதியாக அல்லாமல், நிலையான அடிப்படை நிதி வழங்க வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கின்றது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. திட்டநிதி என்பது குறித்த காலத்துக்கு, குறித்த வேலைக்கு மட்டும் தரப்படுவது. கனடாவில் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகின்றது. அந்நாள் நெருங்கும்போது அடுத்த ஆண்டுக்குப் பணம் வருமா என்று தெரியாது. பயிற்சி பெற்ற ஊழியர் வேறு வேலை தேடிப் போவர். எஞ்சியோர் விண்ணப்பமும் அறிக்கையும் எழுதுவதிலேயே பொழுதைக் கழிப்பர். அடுத்த நிதியை எதிர்நோக்கி நிற்பவர், நிதி தருபவரைப் பற்றி எவ்வளவு உரத்துப் பேசுவார்? வாயைக் கட்டக் கயிறு வேண்டுவதில்லை, நிச்சயமின்மையே போதும்.

2021இல் அரசு தன் வரவுசெலவுத் திட்டத்தில் இக்கொடுமையைத் தீர்க்க 5 ஆண்டுகளுக்கு 220 கோடி டாலர் அறிவித்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் தேசியச் செயல்திட்டமும் வெளியாயிற்று. ஆனால் அதே வாரத்தில் பெண்கள் சங்கம் அத்திட்டக் குழுவிலிருந்து விலகித் தனக்கெனத் தனிச் செயல்திட்டத்தை வெளியிட்டது. பெருந்தொகை அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே இப்பிரிவு நேர்ந்தது. பணத்தைக் கூட்டினால் மட்டும் கூட்டுறவு வளர்ந்துவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

மறுப்போர்க்கு நம் விடை

‘அவ்வளவு மானம் உள்ளவர்கள் அரசின் பணத்தை வாங்காமல் இருக்கலாமே’ என்பார் சிலர். பெண்களை இழந்த குடும்பத்தினர் சிலர் அவ்வாறே அரசு நிதி இன்றி இயங்கியும் வருகின்றனர். அவர்களின் உறுதியை நாம் போற்றுகின்றோம். ஆயினும், நாடு முழுவதும் சிதறிய ஊர்களில் வாழும் மக்களிடையே ஆயிரக்கணக்கான மைல் சென்று விவரம் திரட்டுவது வெறுங்கையால் ஆகும் வேலையன்று. நிலத்தையும் வருவாயையும் இழந்த மக்களிடம் ‘உங்கள் செலவிலேயே நீதி தேடுங்கள்’ என்பது 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் மறுவடிவமே.

‘பொதுப்பணத்துக்குக் கேள்வி முறை வேண்டாமா?’ என்பார் வேறு சிலர். வேண்டும். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வேண்டும். பெண்கள் சங்கம் என்பதற்காக முறைகேட்டை மூடி மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் கணக்கைத் தணிக்கையாளர் பார்க்கட்டும். சங்கத்தின் கருத்தை அமைச்சர் பார்த்துத் திருத்த வேண்டியதில்லை.

‘பெண்களுக்குத் தனிக்குரல் கொடுத்தால் சமூகம் பிளவுபடும்’ என்பார் மூன்றாமவர். நாம் கேட்கின்றோம்: 1973இல் சமூகத்தைப் பிளந்தது யார்? வழக்குத் தொடுத்த பெண்ணா, அவளைப் பிறந்த ஊரிலிருந்து துரத்திய சட்டமா? புண்ணைக் காட்டியவரே புண்ணைச் செய்தவர் என்று கூறுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே நாம் முடிவாகச் சொல்வது இது. இச்சங்கங்களுக்குத் தரும் நிதி பல ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஆட்சி மாறினாலும் அறுபடாத வகையில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். அரசை எதிர்த்து வழக்காடுவதும் அறிக்கை விடுவதும் நிதியை இழப்பதற்குக் காரணமாகலாகாது. பேச்சு மேசையில் யார் அமர்வது என்பதைப் பெண்களே தேர்ந்தெடுக்க வேண்டும். மாண்டவர்களின் பெயர்ப்பட்டியல், பெயர்களைத் தேடிச் சேர்த்தோரிடமும் அக்குடும்பங்களிடமுமே இருக்க வேண்டும்.

கனடாவில் வாழும் நம் மக்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் அக்டோபர் 4ஆம் நாள், காணாமற்போன அப்பெண்களை நினைந்து அந்நாட்டின் ஊர்கள் பலவற்றில் குடும்பத்தினர் கூடுகின்றனர். நீங்கள் வாழும் ஊரிலும் கூடக்கூடும். ஒரு மாலைப் பொழுது சென்று அவர்களோடு நில்லுங்கள். நீங்கள் உண்ணும் உப்பு அவர்கள் மண்ணில் விளைந்தது. உப்பிட்டவரை நினைக்க வேண்டுமென்றால், நினைக்கப்பட வேண்டியவர்கள் அவர்களே.